கிரனாடா மலைக்குத் தண்ணீர் வந்த வழி

ஓவசியர்,

இன்று மத்தியானம் என் மகள் பிரியாணி வைத்தாள். நோர்பரிக் கடையில் வாங்கிவந்த காய்ந்த பிரியாணி இலைப் பைக்கற்றைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த இலை வாசம் எழும்பியதும் கத்தியை அப்படியே வைத்துவிட்டேன்.

"அப்பா, ஓகேயா? கண் எரியுதோ?" என்றாள்.

"ஓம் பிள்ளை, வெங்காயம்" என்றேன்.

மூட்டை மூட்டையாக வெங்காயம் விளைவித்தவனுக்கு வெங்காயத்தால் கண்ணீர் வருவதில்லை. உமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

நான் கடிதம் எழுதுகிறேன் என்றால் உமக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போயிற்று. அதற்குப் பிறகு நான் எழுதியது சாக்குகளின் மேல் அடையாளமும் அரசாங்க உதவிப்பணக் கந்தோர்ப் படிவத்தில் என் பெயரும்தான். ஆனால் நீர் இருந்தபோது உம்மோடு வாய் ஓயாமல் கதைத்தேன். இப்போது கதைக்க ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் உம்முடைய அந்தப் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடாதையும்.

எண்பதுகளின் நடுவில், குரொய்டன் பக்கத்தில் பாண் சுடும் தொழிற்சாலைக்கு நீர் முதல் நாள் வேலைக்கு வந்த கோலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தீர். அதற்கு மேலே வெள்ளைக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. யாருக்குக் காட்ட அந்தக் கழுத்துப்பட்டி? "ஊரில என்ன வேலை ஐசே?" என்று கேட்டேன். நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியர் என்றீர். குளம், கால்வாய், மதகு எல்லாம் அளந்து கட்டுவித்தவர். அன்றிலிருந்து உம்முடைய பெயர் எனக்கு மறந்துபோயிற்று, ஓவசியர்தான். நான் தோட்டம் செய்தவன் என்று அறிந்ததும் நீர் என்னைக் கமக்காரன் என்றீர். இரண்டு பேரும் நாட்டில் தண்ணீரோடு கிடந்தவர்கள். இங்கே மாவோடு கிடந்தோம்.

தேத்தண்ணி இடைவேளையில் நீர் விரிக்கும் அந்தப் புத்தகம்! நூலகத்தில் எடுத்தது. திருப்பிக் கொடுத்துத் திருப்பிக் கொடுத்துத் திரும்பவும் அதையே எடுத்தீர். ஸ்பெயின் தேசத்தின் தெற்கே, கிரனாடா என்ற ஊரில், மலைக்கு மேலே முஸ்லிம் அரசர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா அரண்மனை. மற்றவர்கள் அதில் தூணையும் வளைவையும் பார்ப்பார்கள். நீர் பார்த்தது முற்றத்தில் ஓடிய வாய்க்காலை.

"பம்ப் இல்லாத காலம் கமக்காரன். மலை உச்சியில தண்ணி ஓடுது. எப்பிடியெண்டு சொல்லும் பாப்பம்."

"ஆள் வைச்சு அள்ளியிருப்பான்."

"இல்லை. ஆத்தோட மேல மேல போய், அரண்மனையிலும் உயரமான இடத்தில மறிச்சு, மலையைச் சுத்தி வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தவங்கள். சாய்வு கணக்காய் இருந்தால் தண்ணி தானாய் வரும்."

"தண்ணி மலைக்கு ஏறாது ஐசே. நான் தண்ணி மாறினவன். நீர் கடதாசியில கோடு கீறினனீர்."

கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீரை மண்வெட்டியால் வரம்பை வெட்டி, அடைத்து, பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவதைத்தான் நாங்கள் தண்ணி மாறுவது என்போம். அந்த வேலை தெரிந்த திமிர் எனக்கு. எங்கேயோ ஒரு மெஷினை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று நான் அடித்துச் சொன்னேன். கிட்டத்தட்ட எட்டு வருடம் இந்த வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

பிறகு ஒருநாள் நீர் கருகிய பாணை விட்டீர்.

உம்முடைய வேலை, பெல்ற்றில் வரும் பாணைப் பார்த்துக் கருகியதைப் பொறுக்குவது. அன்று கரிக்கட்டை போல ஒன்று உமக்கு முன்னால் போயிற்று. நீர் அசையவில்லை. இன்னொன்று போயிற்று. கீழே நின்ற நான் எடுத்து எறிந்தேன். "என்ன ஓவசியர், நித்திரையோ?" என்று பகிடி விட்டேன். நீர் சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றும்போது மெதுவாகச் சொன்னீர், நீரிழிவு கண்ணுக்குள் போய்விட்டது என்று. இடது கண் ஏற்கெனவே போயிற்று. வலது கண்ணுக்கு வருகிற இலையுதிர் காலத்தில் ஒப்பரேஷன். சரிவரும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்க மாட்டாராம்.

அன்று அதற்குப் பிறகு நான் ஒரு பகிடியும் விடவில்லை. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. மறுநாள் வந்து கேட்டேன்: "ஆனி மாசம் லீவு எடுக்க ஏலுமோ?"

"ஏன்?"

"அந்த மெஷின் எங்க கிடக்கெண்டு உமக்குக் காட்டத்தான். கண் இருக்கேக்க பாத்திட்டு வருவம்."

அப்போது இரண்டு பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் புதிதாகக் கிடைத்திருந்தது. அதை எங்கேயாவது நீட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது, பொய் சொல்லவில்லை. உம்முடைய மனுசிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தக் கண்ணோட அந்நிய தேசத்தில என்னத்தைப் பாக்கப் போறார்? விழுந்து கிழுந்தால்?" என்றா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: "தங்கச்சி, கொண்டுபோன மாதிரியே கொண்டுவந்து தாறன். ஒரு கீறல் இருக்காது."

அந்த வாக்கை நீர் பக்கத்தில் நின்று கேட்டீர். சிரிப்பை அடக்கிக்கொண்டு மேல் முகட்டைப் பார்த்தீர்.

மலாகா வரைக்கும் விமானம், பிறகு பஸ். எங்களோடு வந்தது முழுக்க ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். வழிகாட்டியாக ஒரு ஸ்பானியப் பெண், சின்னக் கொடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடப்பா. அவ ஆங்கிலத்தில் சொல்வதை நீர் எனக்குத் தமிழில் சொல்லுவீர். நான் அதில் பாதியை நம்புவேன்.

கொர்டோபாவில் முதலில் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். உடைந்த சிலை, சுவரில் பதித்த பழைய வண்ணக்கல் தரை, கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டி பானை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஒரு பெட்டியின் எழுத்தில் குனிந்தீர். கன நேரமாக நிமிரவில்லை.

"என்ன எழுதிக் கிடக்கு?"

"ஸ்பானிஷில கிடக்கு."

"அப்ப உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இண்டைக்குத்தான் ஐசே ரெண்டு பேரும் ஒரே வகுப்பு."

அந்தப் பெட்டிக்குள் கைமுழ நீளத்தில் ஒரு மண் குடுவை இருந்தது. நிறுத்தினால் நிற்காத கூரான அடி. நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியது. எண்ணெய்ச் சாடி என்றீர். நான் இல்லை என்றேன். இடுப்பில் கயிறு கட்டத்தான் அந்த ஒடுக்கம். நிலத்தில் வைக்கிற சாமான் என்றால் அடி தட்டையாக அல்லவா இருக்கும்? எங்கள் ஊர்ச் சூத்திரக் கிணற்றில் மாடு சுற்ற, சில்லும் சுற்ற, வரிசையாக வாளிகள் தண்ணீரை அள்ளிக்கொண்டு மேலே வரும். இங்கே வாளிக்குப் பதிலாகக் குடுவை, அவ்வளவுதான். நீர் போய் அந்தப் பெண்ணைக் கேட்டீர். திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விடை தெரிந்துவிட்டது.

"தண்ணிச் சில்லில கட்டுற குடுவையாம்."

"திருப்பிச் சொல்லும், காது கேக்கேல்லை."

"கமக்காரன், போதும்."

அந்த வெற்றிதான் என் தலைக்கு ஏறியது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்தத் திமிரால் வந்த வினை. இதுவரை உமக்கு ஒழுங்காக நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், வாசியும்.

அடுத்தது அந்தப் பெரிய பள்ளிவாசல். முஸ்லிம்கள் கட்டித் தொழுதது, பிறகு வந்த கிறிஸ்தவர்கள் நடுவில் தேவாலயம் கட்டியது. முன்னால் ஆரஞ்சுத் தோடை மரங்கள் நின்ற முற்றம். எல்லாரும் சப்பாத்தோடு உள்ளே போனார்கள். நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"என்ன படிச்ச மனிசன் ஐசே நீர்? அல்லா இருந்த இடம், யேசு இருக்கிற இடம். சப்பாத்தோடயோ போகப் போறீர்?"

"இஞ்ச ஒருத்தரும் கழட்டுறேல்லை."

"எங்கட ஆர்ச்வே கோயிலுக்கு இப்பிடிப் போவீரோ? கழட்டும்."

நீர் ஒரு பெருமூச்சு விட்டுக் கழற்றினீர். இரண்டு சோடியையும் ஒரு தோடை மரத்தடியில் சேர்த்து வைத்தேன். எங்களைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் கழற்றினா. ஆனால் அவ புத்திசாலி, கையில் தூக்கிக்கொண்டா.

உள்ளே தூண், தூண், தூண். சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். அந்தச் சிவப்பு உம்முடைய கண்ணுக்கும் எட்டியது. "தெரியுது ஐசே, வடிவாய்த் தெரியுது" என்றீர். "தரை என்ன குளிர், ஐஸ் மாதிரி" என்றேன். "அப்பிடியோ?" என்றீர். பகிடி என்று நினைத்தேன். நீரிழிவால் உமக்குக் காலில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வெளியே வந்தால் மரத்தடியில் ஒன்றும் இல்லை. கூட்டுகிறவர், யாரோ விட்டுப்போன பொருள் என்று நினைத்து எடுத்து, அதற்குரிய அறையில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டாராம். திறப்புக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். நாலு மணிக்குத்தான் வருவார். பஸ் இரண்டு மணிக்குக் கிளம்பும். கடைகளும் சாத்தியிருந்தன. பஸ் நின்றதோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். பழைய கல்லுப் பாலம், உச்சி வெயில். என் காலுக்கு அது ஒன்றும் இல்லை, சுடுமணலில் நடந்து வளர்ந்த கால். நான் குதித்துக் குதித்து ஆடிக் காட்டினேன். நீர் அமைதியாக நடந்து வந்தீர். "பாத்தீரோ, ஓவசியருக்குக்கூடச் சுடேல்லை" என்று கத்தினேன்.

கிரனாடாவுக்குப் போகும் வழியில், பஸ்ஸுக்குள் உம்முடைய இருக்கைக்குக் கீழே ஈரமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். பாதம் இரண்டிலும் கொப்புளம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. நீர் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தீர்.

"ஐசே, காலைப் பாரும்."

"ஏன், என்ன காலில?"

அந்தக் கேள்விதான் என்னைக் கொன்றது.

நீரிழிவுக்காரருக்குக் காலில் புண் வந்தால் காலே போகும் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பனுக்கு அப்படித்தான் போயிற்று. கிரனாடாவில் இறங்கியதும் உம்மை டாக்ஸியில் ஏற்றி ஒரு வைத்திய நிலையத்துக்குக் கொண்டுபோனேன். நடந்ததை நடித்துக் காட்டினேன்: வெயில், கல்லு, கால், சீனி. தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்குவது போலக் காட்டி உம்மையும் காட்டினேன். அந்தத் தாதிக்கு விளங்கிவிட்டது. கழுவி, மருந்து போட்டு, இரண்டு காலையும் பஞ்சு மூட்டை போலக் கட்டினா. பிறகு விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டினா. நடக்கக் கூடாது. ஒரு அடிகூட.

ஹோட்டல் அறையில் நீர் கட்டிலில் இருந்துகொண்டு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினீர். மலை எதிரே தெரிந்தது. உமக்குத் தெரிந்ததோ என்னவோ.

"நாளைக்கு நீர் போய்ப் பாத்திட்டு வாரும். வந்து எனக்குச் சொல்லும்."

"நான் சொன்னால் நீர் நம்புவீரோ? எட்டு வருசமாய் நான் சொன்னதில ஒண்டை நம்பியிருக்கிறீரோ?"

"ஏலாது கமக்காரன். நடக்க ஏலாது."

"நடக்கக் கூடாதெண்டுதான் அந்தப் பிள்ளை சொன்னவ. சுமக்கக் கூடாதெண்டு சொல்லேல்லை."

நீர் திரும்பிப் பார்த்தீர். நான் சொன்னது பகிடி இல்லை என்று உம் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலை, அல்ஹம்ப்ரா வாசலில் சக்கர நாற்காலி ஒன்று தந்தார்கள். அதில் வைத்து அரண்மனைக்குள் தள்ளிக்கொண்டு போனேன். சுவர் முழுக்க அரபு எழுத்து, முகட்டில் தேன்கூடு போல வேலைப்பாடு. சிங்க முற்றத்தில் பன்னிரண்டு கல்லுச் சிங்கங்கள் ஒரு தொட்டியை முதுகில் தாங்கி நின்றன. "சிங்கமோ உது? சாப்பாட்டுக்குப் பாத்துக்கொண்டு நிக்கிற நாய்க்குட்டியள் மாதிரிக் கிடக்கு" என்றேன். நீர் சிரித்தீர். ஆனால் உம்முடைய காது வேறு எங்கோ இருந்தது. தண்ணீர் வரும் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தீர்.

"இதுக்கு மேல ஒரு தோட்டம் இருக்கு. அங்க தண்ணிப் படி எண்டு ஒண்டு கிடக்கு. அதுதான்."

மேல்தோட்டத்தின் அந்தப் படிகளுக்கு நாற்காலி ஏறாது. குனிந்து முதுகைக் காட்டினேன். "ஏறும்."

"விசரே உமக்கு? சனம் பாக்குது."

"பாக்கட்டும். ரிக்கற் எடுத்துத்தானே வந்தவை."

ஐம்பது வயதில், அல்ஹம்ப்ராவில், நீர் என் முதுகில் உப்புமூட்டை ஏறினீர். ஒரு அந்தர், ஐம்பது கிலோ வெங்காயத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் உம்முடைய பாரம். எங்களோடு வந்த கிழவர்கள் கை தட்டினார்கள். கொடிக்காரப் பெண் தலையில் கை வைத்தா.

படிகளின் இரண்டு பக்கமும் இடுப்பளவு சுவர். அந்தச் சுவரின் மேல்முதுகில் ஓடு பதித்த வாய்க்கால். கைப்பிடியில் கை வைத்தால் கைக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறது! மேலே மரங்கள் கூடாரம் போலக் கவிந்து நின்றன. உம்மை அடிப்படியில் இறக்கிவிட்டேன். சுவரில் சாய்ந்து, ஒரு குதிக்காலை மட்டும் ஊன்றி, கொக்குப் போல நின்றீர். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. பழக்க தோஷம்; உள்ளங்கையால் வாய்க்காலை அடைத்துத் தண்ணி மாறிப் பார்த்தேன். தண்ணீர் படியெல்லாம் பாய்ந்தது. காவலாளி விசில் ஊதினான். கையை எடுத்தேன்.

"எனக்குப் பச்சையாய்த்தான் கிடக்கு எல்லாம்" என்றீர் மெதுவாக. "தண்ணி தெரியேல்லை, கமக்காரன். வெளிச்சம் மட்டும் ஆடுது."

இவ்வளவு தூரம் வந்து, தோல் உரிந்து, முதுகில் ஏறி, கடைசியில் வெளிச்சம் மட்டும். மேலே கவிந்த கிளையில் மூன்று நாலு இலைகளைப் பறித்தேன். கசங்கியதும் பிரியாணி மணத்தது.

"கையைத் தண்ணிக்குள்ள வையும். அப்பிடியே வைச்சிரும். நான் மேல போறன்."

மூன்றடுக்குப் படியையும் ஓடி ஏறினேன். உச்சியில், மலைப் பக்கமிருந்து சின்னதாக, சத்தம் போடாமல், தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மெஷின் இல்லை. முதல் இலையை விட்டேன். "வந்ததோ?" "இல்லை." அது நடுவில் ஒரு வளைவில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பார்த்து எடுத்தேன், நல்ல தடித்த இலை. தோட்டத்தில் வாய்க்காலின் வேகம் பார்க்க விடுவது போல நடுவோட்டத்தில், காம்பு முன்னுக்கு இருக்க விட்டேன். பிறகு காத்திருந்தேன். அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதுவே முதல் தடவை.

கீழேயிருந்து உம்முடைய குரல் வந்தது.

"வந்திட்டுது!"

நீர் கத்தி நான் கேட்டதே இல்லை. தொழிற்சாலைச் சத்தத்திலும் கத்தாதவர். நான் மேலே நின்று திருப்பிக் கத்தினேன்: "ஓவசியர்! மேலயிருந்துதான் வருது! மெஷின் இல்லை!" எட்டு வருட வழக்கு அன்று தீர்ந்தது. தோற்றவன் இவ்வளவு சந்தோஷமாக நின்றதை அந்த மலை கண்டிருக்காது.

அந்த இலையைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டீர்.

வீட்டுக்கு வந்ததும் உம்முடைய மனுசி காலைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. "ஒரு கீறல் இருக்காதெண்டியள் அண்ணை." இரண்டு மாதம் அவ என்னோடு கதைக்கவில்லை. புண் ஆறியபோது ஒருநாள் நீர் வடைப் பொட்டலத்தோடு வேலைக்கு வந்தீர். "மனுசிக்குக் கோவம் ஆறுது. வடை அனுப்பியிருக்கிறா. கதைக்கிறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் செல்லுமாம்" என்றீர். அந்த வடையைப் போல ஒன்றை நான் பிறகு சாப்பிடவில்லை.

ஒப்பரேஷன் சரிவரவில்லை. இலையுதிர் காலத்தோடு வலது கண்ணும் போயிற்று. நீர் வேலையை விட்டீர். நான் கிழமைக்கு இரண்டு நாள் உம்முடைய வீட்டுக்கு வந்தேன். புத்தகத்தின் படத்தை நான் பார்த்துச் சொல்லுவேன். வேண்டுமென்றே சிங்கம் பதின்மூன்று என்பேன். "பன்னிரண்டு. திருப்பி எண்ணும்" என்பீர். கண் போனவரை ஏமாற்ற முடியாமல் போன ஆள் நான் ஒருவன்தான். ஒரு தரம் மட்டும், நான் கேட்காமலே சொன்னீர்: "கண்ணால பாத்ததெல்லாம் மங்கிக்கொண்டு போகுது ஐசே. கையில பட்டது மட்டும் அப்பிடியே கிடக்கு."

போன மாசியில் உம்மை இரண்டாம் தடவை தூக்கினேன். அன்று ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். மற்ற ஐந்து பேரும் தேவையில்லை, நான் தனியாகவே தூக்கியிருப்பேன். உம்முடைய பாரம் எனக்குப் பழக்கம்.

கவுன்சில் எனக்கு ஒரு துண்டு நிலம் தந்திருக்கிறது. மிளகாயும் பூசணியும் போட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர் எல்லாம் பூவாளியால் ஊற்ற, நான் மட்டும் வாய்க்கால் வெட்டிக் குழாய்த் தண்ணீரை மாறுகிறேன். இன்று பின்னேரம் மகளின் பைக்கற்றிலிருந்து ஒரு இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வாய்க்காலின் தலைப்பில் அதை விட்டேன், நடுவோட்டத்தில், காம்பு முன்னுக்கு. பிறகு வரம்பால் நடந்து கடைசிப் பாத்திக்கு வந்து, குந்தியிருந்து, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

கொஞ்சம் நேரம் சென்றது. விரலில் ஏதோ தட்டியது.

வந்திட்டுது, ஓவசியர்.